டாட் மேட்ரிக்ஸ், பில் பிரிண்டர்: அழகாக வடிவமைத்த ஆவணத்தை வெறும் எழுத்தாக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிமுனை மொத்தக் கடைகள், கோயம்பேடு மண்டி, லாரி புக்கிங் ஆபீஸ், கோர்ட் எதிரே இருக்கும் டைப்பிங் கடை, அடுக்குமாடிச் சங்க அலுவலகம் என்று சென்னையில் டாட் மேட்ரிக்ஸும் தெர்மல் பில் பிரிண்டரும் இன்னமும் ஓயாமல் சத்தம் போடும் இடங்கள் நிறைய. வேர்டிலோ பிடிஎஃப்பிலோ இருக்கும் ஒன்றை இந்த எளிய பிரிண்டர்களில் எடுக்க வேண்டியவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கோப்பின் வகையை மட்டும் மாற்றினால் வேலை முடியாது, பக்கத்தையே மறுபடி கட்ட வேண்டும். தமிழ் என்றால் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கும். அது கீழே தனியாக வருகிறது.

லேசர் பிரிண்டர் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. இன்னும் ஏன் டாட் மேட்ரிக்ஸ்?

நகலுக்காக. ஊசிகள் ரிப்பன் மேல் அடிப்பதால் 3 பிளை (மூன்று அடுக்கு) தாளில் ஒரே அடியில் மூன்று பிரதி விழுகிறது. லாரி ரசீது, டெலிவரி சலான், கேட் பாஸ் மூன்றிலும் டிரைவர் கையிலும் கடைக்காரர் கையிலும் ஆபீஸிலும் இருப்பது ஒரே தாளின் பிரதிகள் என்பதுதான் அதன் மதிப்பு. தெர்மல் சூட்டால் தாளையே கறுக்க வைத்து அடிப்பதால் மையும் வேண்டாம், ரிப்பனும் வேண்டாம். ஒரே பிரதி போதும், அவசரமும் இல்லை என்றால் லேசரே மேல். இந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

பிடிஎஃப்பை நேராக அனுப்பினால் பக்கம் பக்கமாகக் குப்பை கொட்டுகிறதே?

எளிய பிரிண்டருக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு எண் வந்தால் அதற்குரிய எழுத்தை அடித்துவிட்டு ஒரு கட்டம் நகரும். பிடிஎஃப்பிலோ, இந்த உருவத்தை இந்த இடத்தில் இந்த அளவில் வை என்ற கட்டளைகள்தான் இருக்கும். அதில் பெரும்பகுதி சுருக்கியும் வைக்கப்பட்டிருக்கும். அந்த எண்களைப் பிரிண்டர் எழுத்தென்று நம்பி அடித்துத் தள்ளுகிறது. நடுவே 12 என்ற எண் அகப்பட்டால் அதை ‘அடுத்த தாள்’ என்று எடுத்துக்கொண்டு வெற்றுத்தாளையும் தள்ளும். உடனே மின்சாரத்தை அணையுங்கள். கணினியில் வரிசையில் நிற்கும் வேலையை ரத்து செய்த பிறகே மறுபடி போடுங்கள். இல்லையென்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஒரு வரியில் எத்தனை எழுத்து பிடிக்கும்?

சின்ன வண்டி, அதாவது குறுகலான டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் அச்சு அகலம் 8 இஞ்ச். ஒரு இஞ்சுக்கு 10 எழுத்து என்ற வழக்கமான அளவில் 80 எழுத்து, 12 என்றால் 96, நெருக்கிய எழுத்தில் 137. அகல வண்டியில் வழக்கமான அளவிலேயே 136 வரும்.

தெர்மலில் புள்ளிக் கணக்கு. பெரும்பாலான பில் பிரிண்டர்களில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. 58 மில்லிமீட்டர் ரோலில் அச்சாகும் அகலம் 48 மில்லிமீட்டர், அதாவது 384 புள்ளி. ஒரு எழுத்துக்கு 12 புள்ளி என்றால் 32 எழுத்து. 80 மில்லிமீட்டர் ரோலில் 576 புள்ளி, 48 எழுத்து. சில மாடல்களில் 512 புள்ளிதான் அச்சாகும் என்பதால் 42 எழுத்தோடு நின்றுவிடும். கையேட்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 1234567890 என்பதைத் திரும்பத் திரும்ப ஒரே வரியாக அடித்து அனுப்புங்கள். எங்கே மடிகிறதோ அதுதான் உங்கள் அகலம்.

முதல் தாள் சரியாக வருகிறது. போகப் போக எழுத்து மேலே ஏறி, துளையிட்ட மடிப்பின் மேலேயே அச்சாகிறது. ஏன்?

வருகிற புகார்களில் பாதி இதுதான். ஆனால் பழி மென்பொருள் மேல் விழும், அல்லது பாவம், பிரிண்டர் மேல் விழும்.

ஒரு இஞ்சுக்கு 6 வரி என்பது பொதுக்கணக்கு. அமெரிக்கத் தாள் 11 இஞ்ச் உயரம் என்பதால் பக்கத்துக்கு 66 வரி என்று பழைய மென்பொருள்களிலும் பல பிரிண்டர்களின் தொடக்க அமைப்பிலும் ஊறிப்போய்விட்டது. நம் ஊர்க் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பது 10×12 கம்ப்யூட்டர் பேப்பர், அகல வண்டிக்கு 15×12. அதன் உயரம் 12 இஞ்ச், 72 வரி. 66 வரிக்கு ஒருமுறை அடுத்த பக்கம் என்று ஓடினால் ஒவ்வொரு பக்கமும் ஒரு இஞ்ச் முன்னதாகவே தொடங்கும். பன்னிரண்டு பக்கம் ஓடியதும் பதினொரு தாளில் எல்லாம் அடங்கி, பதின்மூன்றாவது பக்கம் மறுபடி தாளின் தலையில் சரியாக உட்காரும். ‘தானாகவே சரியாகிவிட்டது’ என்று சிலர் சொல்வது இதைத்தான்.

மென்பொருளில் பக்கத்துக்கு 72 வரி என்று வையுங்கள். பிரிண்டருக்கும் அதையே சொல்லுங்கள். எப்சன் பிரிண்டர்களின் கட்டளை முறையில் 27, 67, 72 என்ற மூன்று எண்கள் (இலக்கங்களாக அல்ல, ஒவ்வொன்றும் ஒரு பைட்டாக) அதைச் செய்யும். பிரிண்டரின் மெனுவிலும் 12 இஞ்ச் என்று நிரந்தரமாக வைத்துவிட்டால் இன்னும் நல்லது. பாதித் தாள் பில்லுக்கு 36 வரி. ஏ4 தனித்தாளில் கணக்குப்படி 70 வரி, ஆனால் தாளைப் பிடிக்கவும் விடவும் மேலும் கீழும் இடம் போவதால் 60க்கு மேல் நம்ப வேண்டாம்.

பக்கத்தின் கடைசியில் வெற்று வரிகளைப் போட்டு நிரப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 12 என்ற ஒற்றை எண் போதும், பிரிண்டரே அடுத்த தாளின் தலைக்குப் போய் நிற்கும்.

வேர்ட், பிடிஎஃப், லாடெக் (பக்க அமைப்பைக் கட்டளைகளாக எழுதும் முறை) மூன்றுமே கையில் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

மூலத்திலிருந்து. பிடிஎஃப் கடைசிக் கதி. அதில் வாக்கியமும் இல்லை, பத்தியும் இல்லை, சில கோப்புகளில் சொல்லிடைவெளிகூட இல்லை. உருவங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பார்த்து நிரல் ஊகிக்க வேண்டும்.

வேர்ட் கோப்பை லிப்ரே ஆபீஸில் திறந்து உரையாகச் சேமிக்கலாம். லாடெக், வேர்ட், வலைப்பக்கம் மூன்றையும் பான்டாக் என்ற இலவச நிரல் வெறும் எழுத்தாக்கித் தரும். வரி அகலம் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். பிடிஎஃப் மட்டும்தான் உண்டு என்றால் பாப்ளர் தொகுப்பில் வரும் பிடிஎஃப்டுடெக்ஸ்ட் என்ற நிரல். அதில் லேஅவுட் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் பட்டியல்களின் நெடுவரிசைகள் ஓரளவு அதே இடத்தில் நிற்கும். தொடர் உரைக்கு அந்த விருப்பம் வேண்டாம். செய்தித்தாள் போலப் பக்கவாட்டில் இரண்டு பத்தியாக அடித்த பக்கத்தில் இடது வரியும் வலது வரியும் ஒட்டிக்கொண்டு வரும்.

ஒரே மூலத்திலிருந்து அழகான பக்கமும் எளிய பக்கமும் எடுப்பது பழைய யோசனை. 1970களிலேயே பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸோடு என்ராஃப், டிராஃப் என்ற இரண்டு நிரல்கள் இருந்தன. முன்னது தட்டச்சு போன்ற கருவிகளுக்கு, பின்னது ஒளி அச்சுக்கோப்பு எந்திரத்துக்கு. எழுதுபவர் ஒரே கோப்பைத்தான் எழுதினார். மாதாமாதம் வரும் நோட்டீஸ், விலைப்பட்டியல் போன்றவற்றுக்கு நீங்களும் அப்படியே செய்யுங்கள். லேசருக்கு ஒன்று, டாட் மேட்ரிக்ஸுக்கு ஒன்று என்று இரண்டு கோப்பு வைத்தால் மூன்றாம் மாதம் இரண்டிலும் வேறு வேறு விலை இருக்கும்.

மாற்றிய பிறகு எது எது காணாமல் போகும்? எதைத் திரும்பச் சேர்க்க வேண்டும்?

தோற்றத்தால் சொன்னது எல்லாம் போகும். அழகுக்காக இருந்தது போனால் போகட்டும். பொருள் சொன்னதைத்தான் எழுத்தில் கொண்டுவர வேண்டும். சங்க நோட்டீஸில் பராமரிப்புத் தொகை பாக்கி வைத்த வீடுகளைச் சிவப்பில் காட்டியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெறும் எழுத்தாக்கினால் எல்லா வீடும் ஒன்றுபோல நிற்கும். அங்கே ‘பாக்கி’ என்ற சொல்லே வந்தாக வேண்டும். நட்சத்திரக் குறி போட்டுக் கீழே விளக்கம் எழுதினால் யாரும் கீழே பார்ப்பதில்லை.

அடிக்குறிப்புகளை அந்தந்த இடத்திலேயே அடைப்புக்குறிக்குள் சேருங்கள். இரண்டு பத்திப் பக்கத்தை ஒற்றைப் பத்தியாக்குங்கள். லோகோவை மறந்துவிடுங்கள்.

தடித்த எழுத்தை டாட் மேட்ரிக்ஸில் காப்பாற்றலாம்: 27, 69 போட்டால் தொடங்கும், 27, 70 போட்டால் முடியும். கட்டளைகள் இல்லாத காலத்து வழி, எழுத்தை அடித்து, 8 என்ற எண்ணால் ஒரு கட்டம் பின்னே வந்து, அதையே மறுபடி அடிப்பது. யூனிக்ஸிலிருந்து எடுத்த பழைய கோப்புகளில் ஒவ்வொரு எழுத்தும் இரட்டையாகத் தெரிந்தால் காரணம் இதுதான். டாட் மேட்ரிக்ஸில் அது நன்றாகவே அடிக்கும். தெர்மல் பிரிண்டரில் பின்னே வரும் வித்தை செல்லாது என்பதால் முதலில் களைந்துவிடுங்கள்.

பிறகு பொடிக் குறிகள். வேர்ட் தானாகப் போடும் வளைந்த மேற்கோள்கள், நீளக் கோடு, ஒரே குறியாக வரும் மூன்று புள்ளி, கண்ணுக்குச் சாதாரண இடைவெளி போலவே தெரியும் உடையா இடைவெளி, ஆங்கிலத்தில் எஃப்பும் ஐயும் ஒட்டிய கூட்டெழுத்து, அரை, கால் பின்னங்கள் எல்லாமே பிரிண்டரின் அட்டவணையில் இல்லாதவை, அல்லது வேறு எண்ணில் இருப்பவை. அனுப்பும் முன் நேர் மேற்கோள், சாதாரணக் கோடு, தனித்தனி எழுத்து என்று மாற்றும் ஒரு சிறு அட்டவணையைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை செய்தால் வருடக்கணக்கில் உழைக்கும்.

ரூபாய் குறி போட்டால் ஏதோ மூன்று எழுத்து வருகிறதே?

₹ குறியை மத்திய அரசு ஏற்றது 2010 ஜூலையில். வடிவமைத்தவர் நம் ஊர்க்காரர் உதயகுமார். உங்கள் பிரிண்டரின் எழுத்து அட்டவணையோ அதைவிடப் பல ஆண்டு மூத்தது. யூனிகோடு எழுத்துகளை பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் அந்தக் குறி மூன்று பைட்டாகப் போகும், பழைய பிரிண்டர் அவற்றை மூன்று எழுத்தாகப் படிக்கும். 437 என்ற பழைய ஐபிஎம் எழுத்து அட்டவணையில் அவை கிரேக்கக் காமா, மேலே கோடு போட்ட ஆங்கில இ, ஒரு இரட்டைக் கோட்டுச் சந்திப்பு. ஆங்கில பில்லில் ஆரும் எஸ்ஸும் ஒரு புள்ளியும் போட்டுவிடுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பட்டியல்கள் கோணல்மாணலாக வருகின்றன. எப்படி நேராக்குவது?

டேபை ஒழியுங்கள். வேர்டில் டேப் எங்கே நிற்க வேண்டும் என்பது கோப்புக்குக் கோப்பு மாறும், பிரிண்டரோ எட்டுக்கு ஒரு கட்டம் என்று தன் போக்கில் நிற்கும். எல்லாம் இடைவெளிகளாக இருக்கட்டும்.

அடுத்து, நெடுவரிசைக்கு நெடுவரிசை எழுத்தைப் பங்கிட வேண்டும். 32 எழுத்து ரோலில் பொருளின் பெயர், அளவு, தொகை மூன்றும் வர வேண்டும். தொகைக்கு 8 எழுத்து தாராளம் என்று தோன்றும். டீக்கடைக்குத் தாராளம்தான். சௌகார்பேட்டை மொத்தக் கடையில் 12,50,000.00 என்று வந்தால் அதற்கே 12 எழுத்து. ஆகவே தொகைக்கு 12, அளவுக்கு 5, நடுவே இரண்டு இடைவெளி. பெயருக்கு மிஞ்சுவது 13. பெயர் அதைத் தாண்டினால் வெட்ட வேண்டாம். முதல் வரி முழுக்கப் பெயர், இரண்டாம் வரியில் அளவும் விலையும் தொகையும் என்று இரண்டு வரியாக்குங்கள். ரோல் பேப்பர் கொஞ்சம் கூடுதலாகும், சண்டை குறையும்.

எண்களை வலப்பக்கம் அணைத்தே வையுங்கள். ஏழெட்டு நெடுவரிசை உள்ள எக்செல் பட்டியலை 80 எழுத்துக்குள் நெருக்கிப் படிக்க முடியாமல் செய்வதைவிட, ஒவ்வொரு பதிவையும் நான்கைந்து வரிக் கட்டாக ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவது எவ்வளவோ தேவலை.

தமிழில் அனுப்பினால் கிரேக்க எழுத்து வருகிறது சார். என் பிரிண்டரில் தமிழ் இல்லையா?

இல்லை. கடைகளில் ஓடும் பிரிண்டர்களில் அனேகமாக எதிலும் இல்லை. ஆனால் வருகிற குப்பையைப் பார்த்தே நோயைச் சொல்லலாம். கிரேக்க ஆல்ஃபாவும் இரட்டைக் கோண மேற்கோளும் திரும்பத் திரும்ப வந்தால், தமிழ் யுடிஎஃப்-8 ஆகச் சரியாகத்தான் கிளம்பியிருக்கிறது, பிரிண்டர் அதை 437 அட்டவணையில் படிக்கிறது. மேலே சாய்கோடு போட்ட ஆங்கில ஏ-யும் வட்டத்துக்குள் ஆரும் வந்தால் அதே கதை, அட்டவணை மட்டும் விண்டோஸின் 1252. வெறும் கேள்விக்குறிகள் வந்தால் பிரிண்டர் குற்றவாளி இல்லை. கணினியிலேயே யாரோ தமிழைத் தூக்கி எறிந்துவிட்டுக் கேள்விக்குறி போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

பிரிண்டரின் நினைவகத்தில் நாமே எழுத்து வரைந்து ஏற்றும் வசதி சிலவற்றில் உண்டு. தமிழுக்கு அது கைகொடுக்காது. எழுத்துக்கு ஒரே அகலக் கட்டம் என்பது ‘ஞௌ’வுக்கும் ‘ர’வுக்கும் எப்படிப் பொருந்தும்? தவிர, கொம்பை எழுத்துக்கு முன்னால் போடுவது, கால் எங்கே வரும் என்று முடிவு செய்வது எல்லாம் பிரிண்டருக்குத் தெரியாத வேலை.

ஆகவே முன்னே சொன்ன அந்த இன்னொரு முடிவு: தமிழ் வரியைக் கணினியிலேயே கறுப்பு வெள்ளைப் படமாக வரைந்து, புள்ளிகளாக அனுப்புங்கள். பக்கத்தை எழுத்துக் கணக்கில் கட்டாமல் புள்ளிக் கணக்கில் கட்டுங்கள்.

சரி, படமாக அனுப்புவது எப்படி?

தெர்மலில் 29, 118, 48 என்று தொடங்கும் கட்டளை. அதன் பின்னே முறை, அகலம், உயரம் சொல்லி புள்ளிகளைக் கொட்ட வேண்டும். 384 புள்ளி அகலம் என்றால் ஒரு புள்ளி வரிசைக்கு 48 பைட். 30 வரிசை உயரமுள்ள ஒரு தமிழ் வரி 1440 பைட். ஆங்கிலத்தில் அதே வரி வெறும் 32 பைட். பழைய சீரியல் கேபிளில் 9600 வேகத்தில் விநாடிக்கு 960 பைட்தான் போகும், அதாவது ஒரு தமிழ் வரிக்கு ஒன்றரை விநாடி. யுஎஸ்பியில் இந்தக் கவலை இல்லை.

வரையும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. எழுத்தை வரைகிற நிரல் நூலகம் தமிழ் எழுத்துச் சேர்க்கை அறிந்ததா என்று பாருங்கள். ஹார்ஃப்பஸ் அல்லது பாங்கோ என்ற நூலகம் வழியாக வரைந்தால் கவலை இல்லை. பைத்தான் நிரல்மொழியின் பில்லோ என்ற பட நூலகத்தில் ராக்கிம் என்ற துணை நூலகம் இல்லாவிட்டால் ‘கெ’யில் கொம்பு வலப்பக்கம் போய் நிற்கும். சோதிக்க ‘சைதாப்பேட்டை’ நல்ல சொல். ஐகாரமும் ஏகாரமும் புள்ளியும் காலும் அதிலேயே இருக்கின்றன. சாம்பல் நிழலை எடுத்துவிடுங்கள், கறுப்பு அல்லது வெள்ளை மட்டும் போதும். புள்ளி தூவிச் சாம்பல் காட்டும் முறை படங்களுக்குத்தான், எழுத்தில் அது அழுக்காகத் தெரியும். எழுத்து உயரம் 24 புள்ளிக்குக் கீழே போக வேண்டாம். ‘ண’, ‘ன’, ‘ஞ’ எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொண்டு எது எது என்றே தெரியாது. மெல்லிய கோடுள்ள எழுத்துருவும் வேண்டாம்.

டாட் மேட்ரிக்ஸில் படம் பட்டை பட்டையாகப் போகும். 9 ஊசி வண்டியில் 8 புள்ளி உயரப் பட்டை, 24 ஊசியில் 24 புள்ளி. கட்டளை 27, 42. பட்டைகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு தெரிந்தால் வரி இடைவெளியை 27, 51, 24 என்று மாற்றுங்கள். இந்த மூன்று எண்களும் இரண்டு வகை வண்டிக்கும் பொருந்துவது ஒரு சௌகரியம். 9 ஊசியில் 24 என்பது ஒரு இஞ்சின் 216இல் 24 பங்கு, 24 ஊசியில் 180இல் 24 பங்கு. இரண்டிலும் பட்டையின் உயரம் அதுவேதான். நிமிர்ந்த கோடுகள் நெளிந்து வந்தால் 27, 85, 1 போட்டு ஒரே திசையில் அடிக்க விடுங்கள். மெதுவாகும், ஆனால் நேராகும்.

நிரல் எழுதத் தெரியாதவர்கள் மனம் தளர வேண்டாம். விண்டோஸில் பிரிண்டரின் சொந்த டிரைவரைப் போட்டு வேர்டிலிருந்து அச்சிட்டால் அது தமிழைப் படமாகத்தான் அனுப்புகிறது. நாளைக்குப் பத்துத் தாள் என்றால் அதுவே போதும். நூற்றுக்கணக்கில் போகும் பில்லுக்கு நான் சொல்லும் யோசனை, மாறாத தமிழை எல்லாம் (கடைப் பெயர், முகவரி, நெடுவரிசைத் தலைப்பு, நிபந்தனை) திருவல்லிக்கேணியிலோ ராயப்பேட்டையிலோ உள்ள அச்சகத்தில் தாளிலேயே முன்கூட்டி அச்சடித்து வாங்கிவிடுங்கள். பிரிண்டர் எண்களை மட்டும் அடிக்கட்டும். அரைக் காசு செலவில்லாத வழி இல்லைதான், ஆனால் பார்க்க லட்சணமாக இருக்கும், வேகமும் குறையாது.

தமிழ்ச் சொற்களை இடைவெளி போட்டு நேராக்கினால் சரியாக வரவில்லையே?

‘அடையாறு’ என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் 7 குறி. யுடிஎஃப்-8இல் 21 பைட். நிரலில் நீளம் கேட்டால் எந்த மொழியில் எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து 7 வரும், அல்லது 21. மூன்றுமே தாளில் பிடிக்கும் இடம் ஆகாது, எழுத்துக்கு எழுத்து அகலம் வேறு. அதனால் சொல்லை எழுத்துருவில் அளந்து புள்ளியில் பதில் வாங்குங்கள். 384இலிருந்து தொகையின் அகலத்தைக் கழித்தால் அது தொடங்க வேண்டிய இடம் கிடைத்துவிடும்.

நீளமான தமிழ்ச் சொல்லை வரி முடிவில் எங்கே உடைப்பது?

‘கொடுக்கப்படவேண்டியிருக்கிறது’ போன்றவை சின்ன ரோலில் அடங்காது, உடைத்துத்தான் ஆக வேண்டும். உயிர்மெய்யை நடுவில் பிளக்காதீர்கள், அதாவது கால், கொம்பு, புள்ளி எதுவும் தனியே அடுத்த வரிக்குப் போகக்கூடாது. அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கவும் கூடாது. இணைப்புக் கோடு தேவையில்லை.

பிடிஎஃப்பிலிருந்து எடுத்த தமிழ் கலங்கி வருகிறது. என்ன செய்வது?

எப்படிக் கலங்குகிறது என்பதைப் பொறுத்தது. ஆங்கில எழுத்துகளாகவே வந்தால் அது பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள்தான். பாமினி, வானவில், ஷ்ரீலிபி ஒவ்வொன்றுக்கும் அட்டவணை வேறு. கோப்பின் பண்புகளில் எழுத்துருவின் பெயரைப் பார்த்து அதற்குரிய மாற்றியில் யூனிகோடாக்குங்கள். 1999இல் டாம், டாப் குறியேற்றங்களை அரசு தரப்படுத்தியது, 2010இல் யூனிகோடுக்கு வந்தது. நடுவில் அடித்த சுற்றறிக்கைகள், மலர்கள், நோட்டீஸ்கள் எந்தக் குறியேற்றத்திலும் இருக்கலாம்.

யூனிகோடாகவே வந்தும் கொம்புகள் ஓர் எழுத்து முன்னே நின்றால், பிடிஎஃப்பில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் சேமித்திருக்கிறார்கள். கொம்பையும் அடுத்த மெய்யையும் இடம் மாற்றினால் தீரும். ‘கொ’வில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக இருந்தால் யூனிகோடின் என்எஃப்சி முறைப்படி ஒன்றாக்குங்கள். இல்லையென்றால் திரையில் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. ஔகாரத்தின் பின்பகுதிக்குப் பதில் ‘ள’ அடித்திருப்பதை மட்டும் எந்திரத்தால் தீர்க்க முடியாது, ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகை, ஒன்றுமே வராது, அல்லது எல்லாம் கட்டம் கட்டமாக வரும். உருவத்துக்கு எழுத்து எது என்ற அட்டவணையே கோப்பில் இல்லை. அதைப் படமாக்கி, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் நிரலின் தமிழ்ப் பயிற்சித் தரவோடு படிக்க வைப்பதுதான் வழி. ‘ர’வும் காலும் மாறிப் போகும், மெய்ப்பு பார்த்தே தீர வேண்டும். நான்கு பக்கம் என்றால் டைப்பிங் தெரிந்தவர் மறுபடி அடிப்பது சீக்கிரம் முடியும்.

கோப்பு தயார். பிரிண்டருக்கு எப்படி அனுப்புவது?

விண்டோஸின் நோட்பேடில் திறந்து அச்சிடாதீர்கள். எழுத்தைப் படமாக்கித்தான் அது அனுப்பும், நீங்கள் கோப்பில் வைத்த கட்டளைகள் போய்ச் சேராது. ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி என்ற டிரைவரைப் போட்டால் எழுத்து எழுத்தாகப் போகும். 27 முதலிய கட்டளை எண்கள் உள்ள கோப்பு என்றால் பிரிண்டரைக் கணினியில் பகிர்ந்துவிட்டு, கட்டளைச் சாளரத்திலிருந்து கோப்பை பைனரியாக அந்தப் பகிர்வுக்கு நகலெடுங்கள். லினக்ஸில் எதையும் மாற்றாமல் அப்படியே அனுப்பும் ரா முறையில் அனுப்பலாம்.

வரிகள் படிக்கட்டு போல வலப்பக்கம் இறங்கினால், வரி முடிவில் 10 (அடுத்த வரிக்கு இறங்கு) மட்டும் இருக்கிறது, 13 (இடது ஓரத்துக்குத் திரும்பு) இல்லை. யூனிக்ஸ் வழிக் கோப்புகளில் அப்படித்தான் இருக்கும். இரண்டும் வரும்படி மாற்றுங்கள். இதற்கு நேர்மாறாக ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு வெற்று வரி வந்தால், பிரிண்டரின் மெனுவில் தானாக வரி நகர்த்தும் அமைப்பு போட்டிருக்கிறது, அதை அணையுங்கள்.

ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் 27, 64 வையுங்கள். முன்னால் அச்சிட்டவர் விட்டுப்போன நெருக்கிய எழுத்து, தடித்த எழுத்து எல்லாம் அழிந்து பிரிண்டர் பழைய நிலைக்கு வரும். பக்க நீளம் சொல்லும் 27, 67 கட்டளை இதற்குப் பிறகுதான் வர வேண்டும். நெருக்கிய எழுத்து வேண்டுமென்றால் 15, நிறுத்த 18.

முத்திரைத் தாளில் அடிக்க வேண்டும். மேல்பகுதி ஏற்கெனவே அச்சாகியிருக்கிறதே?

அளவுகோலை எடுங்கள். தாளின் தலையிலிருந்து எழுத்து தொடங்க வேண்டிய இடம் எத்தனை இஞ்சோ அதை ஆறால் பெருக்குங்கள். அத்தனை வெற்று வரி முதல் பக்கத்தில் மட்டும். தனித்தாளைச் செருகும்போது பிரிண்டர் தானே கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், அதைக் கழிக்க வேண்டும். முதலில் சாதாத் தாளில் அடித்து முத்திரைத் தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். முத்திரைத் தாள் வீணானால் பணம் போச்சு.

ரிப்பன், ஹெட் சர்வீஸுக்கு எங்கே போவது?

மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெரு. சென்னை நிறுவனமான டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் எம்எஸ்பி வண்டிகளும் எப்சன் வண்டிகளும் ஊர் முழுக்க ஓடுவதால் ரிப்பனுக்குப் பஞ்சமில்லை. பிரிண்டரின் பெயரை வாயால் சொல்லாமல் பழைய ரிப்பன் பெட்டியையே கையோடு கொண்டுபோங்கள். அச்சில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு வரி முழுக்க ஒரே உயரத்தில் வந்தால் ஊசி ஒன்று போய்விட்டது, ரிப்பனை மாற்றிப் பயனில்லை.

மழைக்காலத்தில் தாள் சிக்குகிறது, வெயில் காலத்தில் பில் எழுத்து மறைகிறது. வழி உண்டா?

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தொடர்தாள் நமுத்து, ஓரத் துளை கிழிந்து சிக்கும். பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள், அன்றைக்குத் தேவையானதை மட்டும் பிரித்து எடுங்கள். தெர்மல் தாளில் எழுத்தைக் கொண்டுவருவதே சூடுதான். காரின் டேஷ்போர்டில் சித்திரை வெயிலில் கிடந்தால் தாளே கறுக்கும். வெளிச்சத்திலும் சிலவகை பிளாஸ்டிக் உறைக்குள்ளும் எழுத்து வெளுக்கும். வாரண்டி பில், வாடகை ரசீது போன்றவற்றை வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, மூலத்தோடு சேர்த்துக் காகித உறையில் வையுங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டாம், அந்தச் சூட்டில் முழுத்தாளும் கறுத்துவிடும்.